உள்ளி சேர்க்காத சாப்பாடு

இந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மலையாளம் தெரியாது. இங்கிலீஷும் இல்லை. நல்லது. பொழுது சாயும்வரை அப்படியே இருக்கட்டும். என் வாயிலிருந்து ஒரு சொல்கூட இவள் காதுக்குப் போகவேண்டாம்.

அடுப்படியில் காப்பியை ஆற்றிக்கொண்டே வடிவாம்பாள் இப்படி நினைத்தாள். முன்னறையில் அந்த அம்மா விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கீழேதான் அவள் கணவர் கோலப்பனின் மிளகாய் வத்தல், மல்லி மொத்தக்கடை. மூட்டை பிரிக்கிற நேரத்தில் மாடிப்படி வழியாக நெடி ஏறி வரும். ஆரியசாலைத் தெருவுக்கு வாழ வந்த புதிதில் வடிவாம்பாளும் இப்படித்தான் தும்மினாள். பிறகு மூக்கு மரத்துப்போயிற்று.

வந்திருந்தவள் பெயர் ஷூஃபென். தைவான்காரி. அவள் மகள் யாதிங்கும் வடிவாம்பாளின் மகன் கிரீஷும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்கள். கிரீஷ் கம்பெனி வேலையாக இரண்டு வருஷம் தைவானில் இருந்தபோது ஏற்பட்ட பழக்கம். இப்போது யாதிங், ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் இருக்கும் அவன் ஆபீசுக்கு வேலையாக வந்திருக்கிறாள். பையன் வீட்டைப் பார்க்கட்டும் என்று அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். காலையில் கிரீஷ் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"அம்மா, ஆபீஸ்ல கஸ்டமர் வந்தாச்சு, எங்க ரெண்டு பேருக்கும் அசைய முடியாது. ஆன்ட்டியை சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கோ. ஓகே அல்லே?"

"நான் என்னத்த மக்களே பேச அவங்ககிட்ட?"

"உன் போன்ல ஒரு ஆப் போட்டிருக்கேன் பாரு. மைக்கை அமுக்கித் தமிழ்ல சொன்னா அது சீனத்துல சொல்லும். அவங்க சொன்னா தமிழ்ல சொல்லும். சிம்பிள்."

கார் தெருமுனை திரும்பியதும் கோலப்பன் அடுப்படிக்கு வந்தார். அந்த ஆப் விஷயம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"கேட்டியா வடிவு. நல்ல சந்தர்ப்பம். பிள்ளைக சாயங்காலம் வந்து கல்யாணப் பேச்சை எடுக்கும். அதுக்கு முன்னால நீ அந்த அம்மாட்ட பதமா சொல்லீரு."

"என்னன்னு சொல்ல?"

"நமக்கு இது சரிப்பட்டு வராதுன்னு. ஒத்தப் பய. கோட்டாத்துல அக்கா, அத்தான், அவ்வளவு பேரும் இருக்காவ. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா இந்தப் பிள்ளை எங்க நிக்கும், என்ன செய்யும்? உனக்குத் தெரியாததா. அந்த அம்மாவே மகளைக் கூட்டிட்டுப் போயிட்டாள்னா காரியம் முடிஞ்சுது. அவன்கிட்ட நாம ஒண்ணும் சொல்லாண்டாம்."

"அவன்கிட்டயே நீங்க நேரா சொன்னா என்ன?"

"நான் சொன்னா அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவான்ட்டி. நீ சொன்னா யாருக்கும் நோகாது."

நீ சொன்னா நோகாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. இதே ஊரில் கரமனையில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் முதலில் அவளை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார்கள். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற கோலப்பனின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆரியசாலை வீட்டில்தான் தங்குவார்கள். டாக்டர் மலையாளத்தில் சொல்வதை அவள் தமிழில் சொல்லவேண்டும். அவர்கள் தமிழில் அழுவதை அவள் மலையாளத்தில் சொல்லவேண்டும். ஒருமுறை கோலப்பனின் மாமா ஒருவரிடம், இனி மருந்தால் ஆவதில்லை என்று டாக்டர் சொன்னதை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். மாமா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு சாகும்வரை வடிவாம்பாளின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை, நோயைக் கொடுத்தவளே அவள்தான் என்பதுபோல.

நாளடைவில் பாஷை தெரியாதவர்களுக்காக மட்டும் என்று இல்லாமல் ஆயிற்று. மேல்மாடியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்வதா, கோட்டாற்று நாத்தனாரிடம் நகையைத் திருப்பிக் கேட்பதா, எல்லாவற்றுக்கும் வடிவு. யாரோ நினைத்ததை யாருக்கோ சொல்லி, இரண்டு பக்கத்து முகச்சுளிப்பையும் அவள் வாங்கிக்கொள்வாள். இரவு படுத்தால் அன்றைக்கெல்லாம் பேசிய பேச்சில் தன்னுடையது எது என்று தேடிப் பார்ப்பாள். உப்பு போதுமா, கதவைச் சாத்தியாச்சா என்பதுபோல் ஏதாவது அகப்படும்.

இன்றைக்குத் தெய்வமாகப் பார்த்துப் பாஷை தெரியாத ஒருத்தியை அனுப்பியிருக்கிறது என்று நினைத்தாள். அந்த ஆப் வந்து அதையும் கெடுத்தது.

கோலப்பன் கடைக்கு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாக மேலே ஏறி வந்து அவளைப் பார்த்து, கண்ணாலேயே 'ஆச்சா?' என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி வந்தார், இந்தத் தடவை தண்ணீர் குடிக்க. வீட்டில் இருந்தால் இது ஓயாது. வடிவாம்பாள் சாம்பாரை இறக்கி மூடிவிட்டுக் குடையை எடுத்தாள். முன்னறைக்கு வந்து வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அதற்குள் ஷூஃபென் எழுந்து, குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். குள்ளமான உருவம், வெட்டிய முடி, துணித் தொப்பி, இடுப்பில் ஒரு பை. அறுபது வயதிருக்கும். காலையிலிருந்தே வெளியே போக ஆளைப் பார்த்துக் காத்திருந்தவள் போலிருந்தாள்.

தெருமுனையில் ஷிபினின் ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் வடிவாம்பாள் ஏறுகிற ஆட்டோ.

"சேச்சீ, இதாரா? கொரியாயோ?" கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"தைவான். கிழக்கேகோட்டைக்கு விடு."

ஷூஃபென் வெளியே கையை நீட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"அம்மச்சி எந்தா பறஞ்ஞது?"

"சூடு கூடுதலாணென்னு," என்றாள் வடிவாம்பாள் உடனே.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டாள். ஷூஃபென் என்ன சொன்னாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ பேசினால், பக்கத்தில் இருப்பவர் 'என்ன' என்றால், அவள் வாய் தானாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஷிபினோ அதை நம்பிவிட்டான். இந்த வருஷத்து வெயிலைப் பற்றி கிழக்கேகோட்டை வரும்வரை பேசிக்கொண்டே வந்தான்.

பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு பழவண்டி. ஷூஃபென் அங்கே நின்று செவ்வாழைச் சீப்பைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மூன்று விரல்களை மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினாள். பழக்காரன் ஒரு கணம் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான்.

"ஐயோ சேச்சீ, இவருக்கு ராவிலே தன்னே வேணோ?" என்று அதேபோல் விரலை நீட்டி, காலையிலேயே குடியா என்று கேட்பதுபோல் கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினான்.

வடிவாம்பாளுக்கு முகம் சுட்டது. ஏதாவது சொல்லி விளக்கவேண்டும். எந்தப் பக்கம், என்ன பாஷையில்? அவள் வாயெடுப்பதற்குள் ஷூஃபென் பழக்காரனைப் பார்த்து அவளும் சிரித்தாள். குடிப்பது எந்த ஊரிலும் குடிப்பதுதான் போலிருக்கிறது, அவளுக்கு விளங்கிவிட்டது. கையை வீசி இல்லை இல்லை என்று காட்டி, சீப்பிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தராசில் வைத்தாள். ஆறு. வைத்து முடித்ததும் மறுபடி அந்த இரண்டு விரலை நீட்டினாள்.

"ஓ, ஆறாணோ!" என்று பழக்காரன் தானும் விரலை அப்படி வைத்துப் பார்த்தான். பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டு, "எடா, இது ஆறு" என்று காட்டினான்.

காரியம் முடிந்திருந்தது. ஒருவருக்கும் நோகவில்லை. வடிவாம்பாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோயிலின் வாசலை நெருங்கும்போது அடுத்த பயம் வந்தது. உள்ளே இவளை விடமாட்டார்கள். அதை எப்படிச் சொல்வது? ஆனால் ஷூஃபென் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டாள். வேட்டியும் புடவையுமாக மேலே ஏறுகிறவர்களைப் பார்த்தாள், தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தாள், ஓரத்தில் இருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு கோபுரத்தை நோக்கி இரண்டு கையையும் குவித்து மூன்று முறை வளைந்து வணங்கினாள். திரும்பி வடிவாம்பாளைப் பார்த்து, வயிற்றில் தட்டி, வாய்க்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள்.

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டலுக்குள் போனார்கள். கூட்டம். இலை போட்டுப் பரிமாறியதும் ஷூஃபென் முதலில் எதையும் தொடவில்லை. சாம்பார் ஊற்றிய சோற்றுக்கு மேல் முகத்தைத் தாழ்த்தி மோந்து பார்த்தாள். தோரன் என்கிற தேங்காய்ப் பொரியலையும் மோந்தாள். இரண்டையும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றில் மோர் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

வடிவாம்பாளின் கை இலையிலேயே நின்றது. இது போதும் என்று அவளுக்குள் ஒன்று சொல்லிற்று. நம் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று கோலப்பனிடம் சொன்னால் போதும். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பார்த்துக்கொள்வார். யாரும் யாரையும் மறுத்ததாக இராது. குற்றம் சாம்பார்மேல் போய்விடும். நிம்மதியாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. காலையில் அவள் வீட்டில் இறக்கி மூடிவைத்ததும் இதே சாம்பார்தான். அதை மோந்து பார்த்து இந்த அம்மா ஒதுக்கியிருந்தால் தனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஆக, அவள் பயந்தது மறுப்பைச் சொல்வதற்கு மட்டுமில்லை, வாங்கிக்கொள்வதற்கும்தான்.

ஷூஃபென் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். சட்டென்று ஒதுக்கிய சாம்பாரில் விரலை விட்டுத் துழாவி, ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து நீட்டிக் காட்டினாள். மற்றக் கையால் வேண்டாம் என்று வீசினாள். பிறகு உள்ளியை வைத்துவிட்டு, கோயிலுக்கு நேராகக் குவித்ததுபோல் கையைக் குவித்தாள். மறுபடி சோற்றைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, கட்டைவிரலை உயர்த்தினாள்.

"உள்ளியா?" என்றாள் வடிவாம்பாள் தன்னையறியாமல். "அட, உள்ளிதானா!"

சத்தமாகச் சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். சாமிக்காக உள்ளியும் பூண்டும் விலக்குவது வடிவாம்பாளுக்குத் தெரியாத சங்கதியா? அவள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாதே தவிர, நடந்துபோகிற தூரத்தில் ஒரு தெரு முழுக்க அப்படித்தான் சமைக்கிறார்கள்.

வெளியே வந்ததும் ஷூஃபென் இவளுக்காகக் காத்திருக்கவில்லை. கோட்டைக்குள் அக்ரகாரத் தெருப்பக்கம் திரும்பி நடந்தாள். ஒவ்வொரு வாசலாக மோந்துகொண்டே கடந்தாள். ஒரு வீட்டு முன்னால் ஆண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். வாசலில் நிறையச் செருப்புகள். சாப்பாடு கிடைக்கும் என்பதற்கு 'ஊணு' என்று கையால் எழுதிய அட்டை. ஷூஃபென் நேராகப் போய்ச் சுவரோரம் இருந்த எச்சில் இலைக் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, எச்சிலைப் போய்..." என்று வடிவாம்பாள் கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

ஷூஃபென் கூடையைச் சுட்டினாள். முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு. சாப்பிட்டவர்கள் ஒதுக்கியது அவ்வளவுதான். உள்ளி இல்லை. ஷூஃபென் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு ஷூவைக் கழற்றினாள். வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. பெயர்ப்பலகை படிக்கத் தெரியாதவளுக்கு இலைக் கூடையைப் படிக்கத் தெரிகிறது.

உள்ளே கூடத்தில் நாலு பெஞ்சு. பரிமாறிக்கொண்டிருந்த மாமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்கோ, வாங்கோ. கையை அலம்பிண்டு உக்காருங்கோ. இவா யாரு, ஜப்பானா?"

"தைவான், மாமி. உள்ளி, பூண்டு ஒண்ணும் சேத்துக்க மாட்டாங்க."

"நம்மாத்துல அதெல்லாம் வாசப்படி தாண்டாது. இவாளும் நம்மள மாதிரியா? பேஷ், பேஷ்."

இலையில் பூசணிக்காய் எரிசேரியும் அவியலும் விழுந்தன. ஷூஃபென் இடுப்புப் பையிலிருந்து ஒரு துணி உறையை எடுத்து, அதிலிருந்து இரண்டு குச்சிகளை உருவினாள்.

"இதென்னடியம்மா, ஸ்வெட்டர் பின்னப் போறாளா?" என்று மாமி இரண்டு விரலால் பின்னிக் காட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஷூஃபென் குச்சியால் ஒரு அவியல் துண்டைத் தூக்கி அவர்களுக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டாள். பப்படத்தைத் தூக்கினாள். அது நொறுங்கி விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"கேளேன்மா அவாகிட்ட, எரிசேரி எப்படி இருக்குன்னு."

வடிவாம்பாளின் வாய் வழக்கம்போல் ஒன்றை எடுத்துக் கொடுக்கத் தயாரானது. நல்லாருக்காம் மாமி. அவ்வளவுதான், சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"எனக்கு அவங்க பாஷை தெரியாது மாமி," என்றாள்.

"தெரியாதா? பின்னே எப்படி அழைச்சுண்டு சுத்தறே?"

"நான் எங்க? அவங்கதான் என்னை அழைச்சுட்டு சுத்துறாங்க."

"நன்னாயிருக்கு போ," என்று மாமி அவளை விட்டுவிட்டாள். நேராக ஷூஃபென்னிடமே திரும்பி, எரிசேரிக்கு மிளகு எப்போது போடவேண்டும் என்பதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ஷூஃபென் கவனமாகக் கேட்டுவிட்டு, குச்சியால் பூசணித் துண்டைக் காட்டித் தன் பாஷையில் அதே நீளத்துக்கு ஏதோ பதில் சொன்னாள். "அதேதான், அதேதான்," என்றாள் மாமி.

வடிவாம்பாளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டாள். சூடாக இருந்தது. ஆஸ்பத்திரி கேன்டீன்களில், கல்யாணப் பந்திகளில் யாருக்காவது யாரையாவது விளக்கிக்கொண்டே அவள் சாப்பிட்ட சோறெல்லாம் ஆறிய சோறு. அவள் பேசாவிட்டால் அங்கே ஏதோ அறுந்துவிடும் என்று நினைத்தே பேசியிருக்கிறாள். இங்கே அவள் பேசவில்லை, எதுவும் அறுந்துவிடவில்லை. தெரியாது என்ற ஒரு சொல் இத்தனை லேசானது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. மாமி போளியும் பாயசமும் கொண்டுவந்தபோது, வேண்டும் என்று தானே கையை நீட்டி வாங்கினாள்.

கோயில் குளக்கரை மரநிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது கோலப்பன் போன் செய்தார்.

"என்ன, சொல்லியாச்சா?"

"இல்ல."

"காலைலேருந்து பின்ன என்னட்டி செய்யுதே?"

"சாப்பிட்டோம்."

"சாப்பிட்டியளா? வீட்ல சோறு இருக்குல்லா?"

"அதுல உள்ளி இருக்கு."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வந்து சொல்லுதேன்."

"நீ வந்து எனக்குச் சொல்லாண்டாம். அவங்களுக்குச் சொல்லு. பய அந்த ஆப்பைப் போட்டுத் தந்திருக்கான்ல, அதை எடு. பிள்ளைக கிளம்புற நேரம் ஆச்சு."

போனை வைத்ததும் சாப்பாட்டின் சுகம் போயிற்று. ஆப்பைத் திறந்தாள். மைக் படம் மினுங்கியது. ஷூஃபென் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பழகிய வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரர் சொல்றார்..." என்றாள் வடிவாம்பாள்.

போன் அதைச் சீனத்தில் சொல்லிற்று. ஷூஃபென் விசிறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்காலில் கை வைத்துக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேரும் அப்படித்தான் காத்திருப்பார்கள், அவள் வாயையே பார்த்தபடி. வடிவாம்பாளுக்கு மேலே ஓடவில்லை. எங்க வீட்டுக்காரர் சொல்றார். டாக்டர் சொல்றார். அத்தான் சொல்றாங்க. அதற்குப் பின்னால் என்ன வந்தாலும் அவள் பொறுப்பில்லை என்று இத்தனை காலமும் அந்தத் தொடக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததும் அவள்தானே? நோகாமல் சொன்னது பிறருக்காக மட்டுமா?

ஷூஃபென் மெல்லப் போனை வாங்கி, அதனிடம் தன் பாஷையில் பேசினாள். போன் ஒரு பெண் குரலில், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் சொல்லிற்று:

"உங்கள் செருப்பு உங்களைக் கடிக்கிறது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன்."

வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள். விருந்தாளி வருகிறாளே என்று வாங்கிய புதுச்செருப்பு. குதிகாலில் தோல் உரிந்திருந்தது. காலையிலிருந்து எரிந்ததை இப்போதுதான் உணர்ந்தாள். அவர்கள் ஊரிலும் செருப்பு கடிக்கத்தான் செய்கிறதா? அவளுக்குச் சிரிப்பு பொங்கிவந்தது. அதற்குள் ஷூஃபென் இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டரை எடுத்துக் கிழித்துக் குனிந்தாள். "ஐயோ, வேண்டாம், நீங்க பெரியவங்க," என்று வடிவாம்பாள் காலை இழுத்துக்கொண்டாள். ஷூஃபென் அதைக் கேட்கவில்லை. காலைப் பிடித்து இழுத்து ஒட்டிவிட்டு, மேலே ஒரு தட்டும் தட்டினாள்.

பிறகு அவள் தன் போனை எடுத்துப் படங்களைத் தள்ளினாள். கிரீஷ். மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு யாதிங்கின் ஸ்கூட்டருக்குப் பின்னால். கையில் குப்பைப் பையோடு, குப்பை லாரிக்காகத் தெருவில் நிற்கிற கூட்டத்தில். ஒரு சின்ன மேஜையில், முன்னால் பெரிய கிண்ணம், வாய் நிறையச் சோறு. இன்னொரு படத்தில் அதே மேஜை, வேறு சட்டை. இன்னொன்றில் அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு கிரீஷ், பக்கத்தில் இடுப்பில் கை வைத்த ஷூஃபென்.

ஷூஃபென் கிரீஷின் முகத்தைத் தொட்டுக் காட்டி, தன் கன்னங்களை உள்ளே உறிஞ்சிக்கொண்டாள். முதலில் வந்தபோது இப்படி. பிறகு கிண்ணத்தைக் காட்டி, கன்னத்தை உப்பினாள். பிறகு இப்படி.

அந்த இரண்டு வருஷமும் வடிவாம்பாள் போனில் ஒன்றையேதான் கேட்டாள். சாப்பிட்டியா மக்களே? சாப்பிட்டேன்மா. எங்கே, என்ன, யார் போட்டார்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் அவன் பொய் சொல்லிவிடுவானோ என்ற பயம். மீனும் கறியுமான ஊர், பேச்சு தெரியாத ஊர், இவன் பாக்கெட் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டுகிறான் என்றே நினைத்திருந்தாள். பருப்புப்பொடியை அனுப்பிவிட்டு அதற்கு மேல் நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க, நெஞ்சில் எங்கோ இறுக்கிக் கட்டியிருந்தது தானாக அவிழ்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஷூஃபென் செவ்வாழைப் பழத்தில் ஒன்றை உரித்து அவள் கையில் கொடுத்தாள்.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது கிரீஷும் யாதிங்கும் வந்துவிட்டிருந்தார்கள். மேஜைமேல் தேயிலைப் பெட்டிகள். கோலப்பன் சலவைச் சட்டை போட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வடிவாம்பாள் காப்பி போட உள்ளே போனதும் பின்னாலேயே வந்தார்.

"இன்னும் சொல்லலியா? சரி, போகட்டும். இப்பவே ஆரம்பிச்சுரு. அந்தப் பிள்ளை இங்கிலீஷ்ல கேட்டு அம்மைக்குச் சொல்லிக்கிடும்."

"நீங்க சொல்லுங்க."

"எனக்கு அப்படி நயமாப் பேச வராதுன்னு தெரியாதா?"

"வரலைன்னா, வார மாதிரி சொல்லுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்போ உனக்கு இது சம்மதமா?"

"நான் அதை இன்னும் யோசிச்சே பாக்கல்ல. இனிமேத்தான் யோசிக்கணும்."

காப்பித் தட்டோடு அவள் முன்னறைக்கு வந்தாள். யாதிங் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அவளுடைய அம்மா ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கிரீஷிடம் இங்கிலீஷில் சொன்னாள். கிரீஷ் திரும்பினான். "அம்மா, ஒரு ஸ்வெட்டர் மாமி உண்டாமே? யாரது?"

"அது எங்களுக்குள்ள," என்றாள் வடிவாம்பாள்.

கோலப்பன் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் தன் முழங்காலைப் பார்த்தார், தேயிலைப் பெட்டியைப் பார்த்தார், பிறகு வழக்கம்போல் அவளைப் பார்த்தார்.

"கிரீஷே, அம்மைக்கு ஒரு காரியம் பேசணும்னு இருந்துது. சொல்லு வடிவு."

கிரீஷின் முகம் மாறியது. அப்பா இப்படித் தொடங்கி அம்மா முடிக்கிற பேச்சு எத்தகையது என்று அவன் சின்ன வயதிலிருந்தே பார்த்தவன். யாதிங்கின் கையில் தட்டு அசையாமல் நின்றது. ஷூஃபென் மட்டும் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

வடிவாம்பாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எரிந்துகொண்டிருந்த காலை நீட்டிக்கொண்டாள்.

"அது அப்பா பேசணும்னு இருந்த காரியம்," என்றாள் மகனிடம். பிறகு கோலப்பனைப் பார்த்து, சர்க்கரை போதும் என்று சொல்கிற அதே குரலில், "நான் சொல்லமாட்டேன்" என்றாள்.